உள்ளே 30 அடி, வெளியே 16 அடி: மாம்பாக்கம் பக்கம் ஒரு மனைப்பிரிவு

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், மாம்பாக்கம் சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி, பிரதான சாலையை விட்டு ஒன்றேகால் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு மனைப்பிரிவின் இரண்டாம் கட்டத்துக்கு இப்போது மும்முரமாக ஆள் சேர்க்கிறார்கள். முதல் கட்டத்தின் 212 மனைகளில் நாற்பது வீடுகள் எழும்பியிருக்கின்றன. வரவிருக்கும் இரண்டாம் கட்டத்துக்கு 180 மனைகள் என்று வரைபடம் காட்டுகிறது. மூன்று முறை நேரில் போய்ப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் நான் பார்த்த மற்ற மனைப்பிரிவுகளும் ஏறத்தாழ இதே அச்சில் வார்த்தவைதாம்.

முதல் முறை ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் அனுப்பிய காரில் போனேன். உள்ளே குறை சொல்ல அதிகமில்லை. உட்சாலைகள் 30 அடி, நடுச்சாலை 40 அடி. இருபுறமும் மழைநீர் வடிகால். மூலை மனைகளின் முனையைச் சாய்வாக வெட்டி, செங்கல் லாரி ஒரே வளைவில் திரும்பும்படி விட்டிருக்கிறார்கள். வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் பார்த்த வழக்கறிஞர் திருப்தி தெரிவித்தார். பிரதான சாலையிலிருந்து வாசலுக்கு மூன்றே நிமிடத்தில் வந்துவிட்டோம் என்பதை விற்பனைப் பிரதிநிதி கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார். அது உண்மைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமையின் உண்மை.

இரண்டாவது முறை யாரிடமும் சொல்லாமல் திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு என் வண்டியிலேயே போனேன். வாசலுக்கு வரும் ஊராட்சிச் சாலை ஆவணத்தில் 24 அடி. ஆனால் பிள்ளையார் கோயில் திருப்பத்தில், மதிலுக்கும் எதிரே நிற்கும் மின்கம்பத்துக்கும் இடையில் டேப் பிடித்து அளந்தபோது 16 அடிதான் இருந்தது. ஒரு தண்ணீர் லாரியின் அகலம் எட்டடிக்குக் குறையாது. ஆக, எதிரெதிரே வரும் இரண்டு லாரிகள் அங்கே உரசாமல் கடக்க வழியில்லை. நான் நின்ற அரை மணி நேரத்தில் அதை ஒட்டிய காட்சி ஒன்று நடந்தது. தண்ணீர் லாரியும் பள்ளி வேனும் முட்டுக்கு முட்டு நிற்க, லாரியின் கிளீனர் இறங்கி இடப்பக்கக் கண்ணாடியை மடக்கிப் பார்த்தார், போதவில்லை. வேன், பின்னால் வந்த ஆறு இருசக்கர வண்டிகளையும் தள்ளிக்கொண்டு மளிகைக் கடை வாசல்வரை பின்னோக்கிப் போனது. அன்று வாசலிலிருந்து பிரதான சாலையைத் தொட எனக்குப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு கல்லூரிப் பேருந்துகளின் வரிசையில் இடம் பிடிப்பது தனிக் கதை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த நெரிசலில் மனைப்பிரிவின் பங்கு இன்றைக்கு மிகச் சிறியது. இருப்பவை நாற்பது வீடுகள்தாம். 392 மனைகளிலும் வீடு வந்து, வீட்டுக்கு ஒரே ஒரு வண்டி மட்டும் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் புறப்பட்டால்கூட, அந்த ஒற்றை வாசலில் ஒன்பது வினாடிக்கு ஒரு வண்டி வெளியேற வேண்டியிருக்கும். ஏனெனில் இரண்டாம் கட்டத்துக்குத் தனி வழி கிடையாது. முதல் கட்டத்தின் நடுச்சாலை வழியாகவே அவர்களும் வந்துபோக வேண்டும். முதல் கட்டத்தில் மனை வாங்கியவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். “அவங்களுக்கும் மதிப்பு கூடும் சார்” என்பதே பதில்.

மூன்றாவது முறை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். கிழக்கே போகும் மூன்று தெருக்களும் முட்டுச்சந்துகள். நேராக வந்து முடியும் தெருவின் எதிரே மனை போட்டால் தெருக்குத்து என்று யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே முதல் இரண்டு தெருக்களின் முனையில் பூங்காவைத் துண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. விதியும் நிறைவேறிற்று, தெருக்குத்தும் தீர்ந்தது. பிள்ளைகள் பந்து விளையாடும் அளவுக்கு ஒரே இடமாக எதுவும் அமையவில்லை. தெருவை நேரே அடுத்த தெருவோடு சேர்த்திருந்தால் தெருக்குத்து என்ற பேச்சே எழுந்திருக்காது.

மூன்றாம் தெருவின் கதை வேறு. வரைபடத்தில் அது எல்லைக்கோடுவரை திறந்த சாலையாகவே வரையப்பட்டிருக்கிறது; நேரில் அங்கே ஏழடி மதில் நிற்கிறது. மதிலுக்கு அப்பால் பக்கத்து மனைப்பிரிவின் தார்ச்சாலை வந்து முடிகிறது. அந்தச் சாலை வழியாகப் போனால் மேடவாக்கம் – மாம்பாக்கம் சாலையைக் கோயில் திருப்பத்தைத் தொடாமலேயே பிடித்துவிடலாம். மதிலின் ஓரிடத்தில் நாலைந்து செங்கற்களை யாரோ பெயர்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் டிவிஎஸ் எக்ஸ்எல்லை நிறுத்திய பால்காரர், இந்தப் பக்கம் நிற்கும் அம்மாவிடம் பொந்து வழியாகப் பாக்கெட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார். இந்த மனைப்பிரிவில் நான் கண்ட ஒரே இணைப்புச் சாலை அதுதான்.

மதில் எதற்கு என்றால், ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று சொல்லி விற்பதற்கு. என் மனைவிக்கும் அந்தக் கேட் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரியாத வண்டி உள்ளே வராது என்ற நிம்மதி சிறிய விஷயமன்று. ஆனால் இந்த மனைப்பிரிவின் சாலைகள் அனைத்தும் தானப் பத்திரத்தின் மூலம் ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டவை, அவை பொதுச்சாலைகள். பொதுச்சாலைக்குக் கேட் போட்டுத் தனிச்சொத்துபோல் காட்டுவது, நாளை யாராவது ஒரு புகார் கொடுக்கும்வரைதான் செல்லும்.

அண்ணா நகரில் பதினோரு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன் என்பதால் எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது. அங்கே வடிகாலுக்காக ஒரு தெருவைத் தோண்டிப் போட்டால் அடுத்த தெருவில் திரும்பிப் போய்விடுவோம். அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களும் கட்டம் கட்டமாகப் பின்னியிருப்பதால் ஒன்று அடைபட்டாலும் ஊர் நிற்காது. இங்கே கோயில் திருப்பத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றால், 392 வீட்டுக்காரர்களும் ஆம்புலன்சும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும்.

சேவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரதிநிதி பொறுமையானவர், கேட்ட ஆவணங்களை மறுநாளே அனுப்பினார். ஆனால் இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் ரேரா, அதாவது மனை, வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின், பதிவு எண் வரவில்லை. வருவதற்கு முன்பே ‘டோக்கன்’ என்று ஐம்பதாயிரம் கேட்டார். பதிவு செய்யாத திட்டத்துக்கு விளம்பரம் செய்வதையும் முன்பதிவு வாங்குவதையும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்று சொன்னதும், அதை ‘விருப்பத் தொகை’ என்று பெயர் மாற்றினார்.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். இரண்டு உட்சாலைகளுக்கு, அரை அந்த மூலை வெட்டுகளுக்கு. மூன்றாம் தெருவின் மதிலை எப்போது எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். “ஃபேஸ் டூ முடியட்டும் சார், பார்க்கலாம்” என்று தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் பதில் வந்தால் நான்காவது முறையும் போய்ப் பார்ப்பேன், திங்கட்கிழமை காலையில்.