‘புகை தாங்கும்’ கன்றுகள்: புங்கனை நம்பி வாங்கலாம்

எங்கள் அடுக்ககம் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி. வாசலில் நட மரக்கன்று தேடி குன்றத்தூர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனோம். ‘புகை தாங்கும் மரங்கள்’ என்று போர்டு மாட்டித் தனி வரிசையே வைத்திருக்கிறார்கள்: புங்கன், வேம்பு, நெட்டிலிங்கம், கோனோகார்பஸ்.

கடைக்காரர் முதலில் தலையில் கட்டப் பார்த்தது கோனோகார்பஸைத்தான். "புகை, உப்புத் தண்ணி எதுவும் ஒண்ணும் பண்ணாது சார், சீக்கிரமே மதில் மாதிரி நிக்கும்" என்றார். நிற்கும், வாஸ்தவம். ஆனால் மகரந்த ஒவ்வாமை, குழாய்க்குள் நுழையும் வேர் என்று புகார் கிளம்பி, குஜராத் 2023-லேயே அதை நடத் தடை போட்டது. தமிழ்நாட்டிலும் அப்புறம் தடை வந்துவிட்டது. இன்னும் அதை விற்பதற்கே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

புங்கன் அருமை. பஸ் புகையும் புழுதியும் படிந்த இலையை விரலால் தேய்த்தால் கறுப்பாக ஒட்டுகிறது. ஒரு மழை பெய்தால் போதும், வழவழப்பான இலை என்பதால் எல்லாம் வழிந்துவிடும். பங்குனி வாக்கில் அழுக்கேறிய பழைய இலைகளைக் கொட்டிவிட்டுப் புதுத்துளிர் விடுகிறது. இலையில் பருப்பருவாக வீங்கியிருந்தால் புகை என்று பதற வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் வேலை அது.

இலையிலுள்ள அஸ்கார்பிக் அமிலம், பச்சையம், இலைச்சாற்றின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு, ஈரப்பதம் ஆகிய நான்கையும் வைத்துத்தான் தாவரவியலில் மாசு தாங்கும் திறனைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஆலும் அரசும் பல ஆய்வுகளில் முன்னணியில் நிற்பவை. அரசங்கன்று வாங்கலாம் என்றேன். சுவரைப் பிளந்துவிடும் என்று அசோசியேஷனில் ஒரே கூச்சல். சரி, விட்டாச்சு. நெட்டிலிங்கமும் புகை தாங்கும், ஆனால் அதனடியில் ஸ்கூட்டர் நிறுத்தக்கூட நிழல் விழாது.

பெரிய குறை வேரில். ஆளுயரக் கன்றின் கவரைக் கிழித்தால், ஆணிவேர் அடியில் சுருண்டு வளையமாகக் கிடக்கிறது. நெடுநாள் அதே கவரில் வைத்திருக்கிறார்கள். இப்படி நட்ட மரம் புகையைத் தாங்கினாலும், 2016 வர்தா புயல் மாதிரி ஒரு காற்றுக்குத் தாங்காது. கேட்டதற்கு, "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்று பதில். வாதாடிய பிறகு இரண்டை மாற்றிக் கொடுத்தார்கள்.

போனால் இடுப்பளவுக் கன்றாகக் கேளுங்கள், விலையும் பாதிதான். பணம் கொடுக்கும் முன் ஒரு கவரையாவது கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்றுக்கூலி தனி.