கட்டமா, கண்ணாடியா, கார்பனா? நத்தைக்குத்தியை வாட்டர்கலர் தாளில் இறக்கும் வழிகள்

திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் மார்கழி மாதம் ஒரு கருவேல மரத்தைப் பார்த்தால் போதும், நத்தைக்குத்தி நாரைகள் கூடும் குஞ்சுமாக அடைந்து கிடக்கும். அதில் பதினோரு பறவைகளை 22-க்கு 15 அங்குலத் தாளில் கொண்டுவர நினைத்தபோதுதான் தெரிந்தது, வரைவதைவிட அதை நல்ல தாளுக்கு மாற்றுவதுதான் பெரிய வேலை என்று. நத்தைக்குத்தியின் உடம்பு வெள்ளை. வாட்டர்கலரில் வெள்ளை என்றால் தாளேதான். அங்கே விழும் ஒவ்வொரு அழுக்கும் கடைசிவரை தெரியும்.

முதலில் திட்டம். எல்லாப் பறவையையும் ஒரே தாளில் வரைந்து திருத்துவதைவிட, ஒவ்வொன்றையும் தனித்தனி பட்டர் பேப்பரில் (அடியில் உள்ளது தெரியும் மெல்லிய தாள்) வரைந்து வெட்டிக்கொள்வது மேல். ஃபேனை நிறுத்திவிட்டுத் தரையில் பரப்பி நகர்த்திப் பாருங்கள். ஒரு பறவையின் அலகு இன்னொன்றின் முதுகில் முட்டுகிறதா, கால்கள் கிளையில்தான் நிற்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். இடம் முடிவானதும் மேலே ஒரு பெரிய பட்டர் பேப்பர் போட்டு மொத்தத்தையும் ஒரே கோட்டோவியமாக எடுத்துவிடலாம்.

சரி, இதை எப்படி இறக்குவது?

கட்டம் போடுவது படத்தைப் பெரிதாக்க நல்ல வழி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டத்தை முதலில் வரைந்து பார்க்கும் ரஃப் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல தாளின் மேல் பசைப்பூச்சு உண்டு, கட்டங்களை அழிக்க ரப்பரால் தேய்க்கத் தேய்க்க அது பெயர்ந்து, வானத்துக்கு வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) போடும்போது அந்த இடம் மட்டும் நீரை உறிஞ்சித் திட்டுத் திட்டாக நிற்கும்.

கார்பன் பேப்பரை நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன். பில் புத்தகத்துக்கு வைக்கும் நீலக் கார்பனில் மெழுகு இருக்கிறது. ரப்பருக்கு அசையாது, மேலே வண்ணமும் ஒட்டாது. உள்ளங்கை அழுத்திய இடமெல்லாம் நீலம் பதிந்து என் நாரை ஒன்றின் மார்பே போனது. மெழுகில்லாத கிராஃபைட் தாள் தனியாகக் கிடைக்கிறது, அது வேறு சங்கதி.

கண்ணாடி வழிதான் எல்லாவற்றிலும் சுத்தமானது. கிழக்கு ஜன்னலில் காலை வெயில் விழும்போது, கறுப்புப் பேனாவால் அழுத்தமாக வரைந்த படத்தை ஒட்டி, மேலே 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) தாளை வைத்தால் கோடு தெரியும். அடியிலிருந்து ஒளிரும் எல்.இ.டி. பலகை இருந்தால் அறையை இருட்டாக்கிவிட்டு உட்கார்ந்தே போடலாம். ஆனால் 640 ஜி.எஸ்.எம். தாளில் ஒன்றும் தெரியாது, ஜன்னலில் கையைத் தூக்கியபடி இரண்டு பறவை முடிப்பதற்குள் தோள் கடுத்துவிடும்.

அதனால் பறவை நிறைய உள்ள படத்துக்கு நான் நம்புவது பின்பக்கம் பென்சில் தேய்க்கும் வழிதான். பட்டர் பேப்பரின் பின்னால், கோடு ஓடும் இடத்தில் மட்டும் 2B பென்சிலால் தேய்த்து, உதிரும் தூளைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்த்த பக்கம் கீழே இருக்கும்படி நல்ல தாளின் மேல் வைத்து, மேல் விளிம்பில் மட்டும் டேப் ஒட்டினால் புத்தகம்போலத் தூக்கிப் பார்க்கலாம். சிவப்புப் பால்பாயிண்ட் பேனாவால் கோட்டின் மேலேயே போனால் எது முடிந்தது எது பாக்கி என்று குழப்பம் வராது. அழுத்திவிடாதீர்கள், பள்ளம் விழுந்தால் வண்ணம் அதில் தேங்கிக் கறுப்புக் கோடாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் இன்னும் சீக்கிரம் பள்ளம் வாங்கும், பட்டர் பேப்பரும் நெளிந்து இடம் மாறும், அதனால் அந்த மாதங்களில் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். (ஆரி வேலைக்காரர்கள் ஊசியால் துளையிட்ட தாளில் மண்ணெண்ணெய் கலந்த பொடியைத் தேய்ப்பார்களே, அது துணிக்குச் சரி, நம் தாளுக்கு எண்ணெய் ஆகாது.)

எல்லாக் கோட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அலகு, கண், கால், இறக்கையின் கறுப்பு விளிம்பு, இவை துல்லியமாக வேண்டும். மூடிய அலகின் நடுவே தெரியும் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் அது நத்தைக்குத்தியாக இருக்காது. சின்னக் குஞ்சுக்கு அந்த இடைவெளியே கிடையாது, அதையும் கவனித்துப் போடுங்கள். மாற்றி முடித்ததும் நீடட் ரப்பரை (களிமண்போலப் பிசையக்கூடியது) உருட்டி, கோடு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும்வரை ஒற்றி எடுங்கள், வாஷ் காய்ந்த பிறகு அடியிலிருக்கும் பென்சில் வராது. கூட்டுக் குச்சிகளை மட்டும் நான் மாற்றுவதே இல்லை, நேரே பிரஷ்ஷில் போடுகிறேன்.