2024 பிளேயர்ஸ் ஹாண்ட்புக்: பார்டுக்கு இவ்வளவு மந்திரம் தேவையோ?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்ட, டைஸ் உருட்டிக் கதை நடத்துற மேசை விளையாட்டின்ர 2024 விதிப்புத்தகம், பிளேயர்ஸ் ஹாண்ட்புக், கடைசியா எங்கட கைக்கு வந்திட்டுது, கனடாவில இருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர் ஒராள்தான் கொண்டுவந்து தந்தவர், 384 பக்கம், நல்ல பாரம். கொக்குவிலில எங்கட செட் விளையாடேக்க நான் எப்பவும் சப்போர்ட்தான், அதாவது மற்றவைக்குத் துணை நிக்கிற பாத்திரம்தான், எடுக்கிறனான், அதால முழுப் புத்தகத்தைப் பற்றியும் எழுதேல்ல, சப்போர்ட் ஆக்களுக்கு எவ்வளவு மந்திரம் குடுத்திருக்கினம் எண்டதை மட்டும் சொல்லுறன்.

முதல்ல நல்லது. பார்ட் எண்ட பாணர், மற்றவன் தன்ர உருட்டலோட கூட்டச் சொல்லிக் குடுக்கிற இன்ஸ்பிரேஷன் டைஸை உண்மையாவே திருத்தியிருக்கினம். 2014 புத்தகத்தில டி20, அதாவது 20 முக டைஸ், உருட்டினாப்பிறகு, சரிவந்துதோ இல்லையோ எண்டு விளையாட்டை நடத்துற டிஎம் சொல்ல முந்தியே அந்த டைஸைப் பாவிக்கிறதோ எண்டு முடிவெடுக்கோணும், அதுவும் குடுத்து 10 நிமிசத்துக்குள்ள. இப்ப ஒரு மணித்தியாலம் வைச்சிருக்கலாம், தோத்தது தெரிஞ்சாப்பிறகுதான் எடுத்து உருட்டுறது. எங்கட செட்டில ரோக், அதாவது கள்ளன் பாத்திரம், எடுத்த பெடியன் பூட்டுத் திறக்கேக்க 15 வேணும், அவனுக்கு வந்தது 12, நான் முதலே குடுத்து வைச்ச டி6 ஐ எடுத்து உருட்டினான், 4 விழுந்துது, மேசையில இருந்த எல்லாரும் கத்தினம். ஸ்பெல் ஸ்லாட், அதாவது மந்திரம் போடக் கிடைக்கிற தரம், ஒண்டும் செலவில்லை, பூட்டைத் திறந்த பேரும் அவனுக்குத்தான். கூத்தில அண்ணாவியார் பின்னால நிண்டு மத்தளம் அடிச்சுப் பாடேக்க ஆடுறவனைத்தானே சனம் பாக்கும், சப்போர்ட்டும் அப்பிடித்தான் இருக்கோணும்.

காயம் ஆத்துற ஹீலிங்கும் கூடியிருக்கு. ஹீலிங் வேர்ட் 1டி4 இல இருந்து 2டி4, அதாவது 4 முக டைஸ் ரெண்டு, கியூர் வூண்ட்ஸ் 1டி8 இல இருந்து 2டி8. முந்தி ஆளின்ர உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்கு விழுற வரைக்கும் பாத்துக்கொண்டிருந்து பேந்து எழுப்புறதுதான் லாபம், இப்ப விழ முந்தியே குடுத்தாலும் பிரயோசனம் இருக்கு.

ஆனா பார்டுக்கு 9ஆம் லெவல் ஸ்பெல் வரைக்கும், அதாவது ஆகப் பெரிய மந்திரம் வரைக்கும், விசார்ட் எண்ட மந்திரவாதிக்கு இருக்கிற அதே அளவு, குடுத்து வைச்சிருக்கிறது எனக்குத் துப்பரவா சரியாப் படேல்ல. இது 2014 இலயே இருந்ததுதான், இப்ப மற்ற வகுப்புகளின்ர மந்திரத்தை எடுக்க விடுற மஜிக்கல் சீக்ரெட்ஸையும் நல்லா அகட்டி விட்டிருக்கினம், பார்ட் 10ஆம் லெவலுக்கு வந்ததில இருந்து கடவுள் மந்திரம் போடுற கிளெரிக், இயற்கை மந்திரம் போடுற ட்ரூயிட், விசார்ட் மூண்டு பேரின்ர பட்டியலுக்குள்ளயும் கை வைக்கலாம், அப்ப பார்டும் பயர்பால் எண்ட நெருப்புக் குண்டு எறிவார், விசார்ட் எடுத்தவன் என்ன செய்யிறது? 2000 இல வந்த மூண்டாம் எடிசனில பார்டின்ர மந்திரம் 6ஆம் லெவலோட நிண்டது, அந்த அளவு காணும்.

பாலடின் எண்ட புனித வீரர்தான் என்ர கணக்கில சரியான அளவு. 5ஆம் லெவல் ஸ்பெல்லுக்கு மேல இல்லை, ஆனா பிளெஸ் போட்டா மூண்டு பேருக்கு ஒவ்வொரு அட்டாக்குக்கும், ஆபத்தில இருந்து தப்ப உருட்டுற சேவுக்கும் டி4 கூடும், மந்திரத்தை நிலைக்க வைக்கிற கான்சன்ட்ரேஷனைக் கட்டிக் காக்கோணும் எண்ட பயமும் இருக்கும், அடி விழுந்தா அறுந்துபோகவும் பாக்கும். 2008 இல நாலாம் எடிசனில வோர்லோர்ட் எண்டு ஒராள் இருந்தார், மந்திரமே இல்லை, சண்டைக்கு ரெண்டு தரம் சத்தம் போட்டே காயப்பட்டவனை எழுப்புவார். அவரை இந்தப் புத்தகத்திலயும் காணேல்ல எண்டது எனக்குச் சரியான கவலை. கிளெரிக்குக்கு மட்டும் முழு மந்திரமும் இருக்கட்டும், செத்தவனை எழுப்புறது கடவுளிட்டக் கேட்டு வாங்குற விசயம், அது கிளெரிக்குக்குப் பொருந்தும்.

சப்போர்ட்டின்ர மந்திரம் மற்றவன்ர டேர்னில வேலை செய்யோணும், அதுதான் என்ர அளவுகோல். எங்கட மேசையில பார்டுக்கு 6ஆம் லெவலுக்கு மேல ஸ்பெல் இல்லை, மஜிக்கல் சீக்ரெட்ஸும் கிளெரிக் பட்டியலில இருந்து மட்டும்தான் எண்டு டிஎம்மோட கதைச்சு வைச்சிருக்கிறம், ஒருத்தருக்கும் குறை இல்லை.

வாங்கலாமோ எண்டா, சப்போர்ட் விளையாடுற ஆக்கள் வாங்கலாம், இன்ஸ்பிரேஷன் திருத்தத்துக்காகவே. இங்க எடுப்பிக்கிறது செலவு எண்டு நினைக்கிற ஆக்கள் முதல்ல எஸ்ஆர்டி 5.2 எண்ட விதித்தொகுப்பின்ர பிடிஎப்பை இறக்கிப் பாருங்கோ, காசில்லை, பார்ட் வகுப்பு அதுக்குள்ள இருக்கு, வகுப்புக்குள்ள வாற உட்பிரிவு, சப்கிளாஸ், மட்டும் காலேஜ் ஒஃப் லோர் ஒண்டுதான்.