கிளை இறக்கும் கயிறு: வர்தாவுக்குப் பிறகு நான் பயன்படுத்திப் பார்த்தவை

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகுதான், வீட்டுக் கூரைகளின் மேல் சாய்ந்து நின்ற மரங்களைத் துண்டு துண்டாக அறுத்து இறக்கும் வேலையில் முழுநேரமாக இறங்கினேன். அப்போது என்னிடம் இருந்தது, ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் எடைபோட்டுத் தரும் கயிறு இரண்டு சுருள் மட்டுமே. அதை எல்லோரும் நைலான் கயிறு என்றே கேட்டு வாங்குகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். ஒரு சிறு துண்டை வாளித் தண்ணீரில் அமுக்கி விட்டுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பாலிபுரொப்பிலீன் மிதக்கும்; நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

அந்தக் கயிற்றின் விலை குறைவு என்பதைத் தவிர இந்த வேலைக்கு அதில் ஒரு நன்மையையும் நான் காணவில்லை. வெயிலில் தொடர்ந்து கிடந்தால் மேல்நார்கள் பொடியாக உதிரத் தொடங்குகின்றன. அதைவிடப் பெரிய குறை சூடு: ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் பொருள் என்பதால், கனத்த கிளை ஒன்றை அடிமரத்தில் சுற்றிய கயிற்றின் வழியே சற்று வேகமாக இறக்கினாலும், உராய்ந்த இடம் கண்ணாடி போலப் பளபளத்து இறுகிவிடுகிறது. அப்படி இறுகிய இடத்தை நான் மறுபடி நம்புவதில்லை. தேங்காய் நார்க்கயிறு கையில் நன்றாகப் பிடிபடும், உருகவும் செய்யாது. ஆனால் அதே பருமனுள்ள செயற்கைக் கயிற்றோடு ஒப்பிட்டால் வலு மிகக் குறைவு என்பதால் கழி, தழை கட்டுவதோடு அதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து உண்மையான நைலானுக்கு மாறினேன். வலு போதுமானது, ஆனால் நீளும். ஓட்டு வீடு ஒன்றின் மேல் படர்ந்திருந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை அறுத்தபோது, ஓட்டுக்கு மேல் நிற்கும் என்று நான் கணக்கிட்டிருந்த கிளை, சுமை ஏறியதும் கயிறு ஒரு மீட்டருக்கு மேல் நீண்டதால், நேராகக் கூரையில் போய் அமர்ந்தது. உடைந்த ஓடுகளுக்கான பணம் என் கூலியில் கழிந்தது. நைலான் நனைந்தால் வலுவிலும் ஒரு பங்கை இழக்கும்; மழைக்குப் பிறகே பெரும்பாலும் வேலை வரும் எங்களுக்கு அது சிறிய குறையன்று.

இப்போது நான் நம்பியிருப்பது 16 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் இரட்டைப் பின்னல் கயிறு, அதாவது உள்ளே ஒரு பின்னலும் அதன் மேல் உறையாக இன்னொரு பின்னலும் கொண்டது. நீட்சி குறைவு, நனைந்தாலும் வலு மாறாது, வெயிலையும் நன்றாகத் தாங்குகிறது. அறுபடும் அளவு 5 டன்னுக்கு மேல் என்றாலும், முடிச்சு மட்டுமே வலுவில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடக்கூடும் என்பதாலும், விழும் துண்டு தன் எடையைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதாலும், அந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சுமையேற்றுவதில்லை. 30 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பச்சை மரத்துண்டே ஏறத்தாழ 70 கிலோ இருக்கும்.

தென்னைக்கு மட்டும் நைலானை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் கயிற்றை மேலே போட்டு இழுக்கக் கவை கிடையாது. வெட்டுக்குக் கீழே அதே மரத்தில்தான் கப்பியைக் கட்ட வேண்டும், எனவே துண்டு கப்பியைத் தாண்டி விழுந்த பிறகே கயிற்றில் பிடிபடுகிறது. அந்த உதறலை ஓரளவு வாங்கிக்கொள்ள நீளும் கயிறே உதவுகிறது. கப்பியைத் தாங்கும் கட்டின் மேல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை விழுவதால், அதை எப்போதும் இறக்கும் கயிற்றைவிடப் பருமனாகவே எடுக்கிறேன். கீழே கயிறு பிடிப்பவர் சட்டென நிறுத்தாமல் சிறிது ஓடவிட்டு நிறுத்துவது, எந்தக் கயிறாக இருந்தாலும் அதன் ஆயுளைக் கூட்டுகிறது.

பராமரிப்பு எளிது: மணலும் மரத்தூளும் உள்ளே புகுந்து நாரை அறுக்காதபடி வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்கிறேன். வண்டியில் பேட்டரிக்கு அருகே வைப்பதில்லை. அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாயிருந்தே வலுவிழக்கும். உறை கிழிந்து உள்பின்னல் தெரிந்தாலோ, தடவும்போது ஓரிடத்தில் கயிறு மெலிந்து தட்டுப்பட்டாலோ அன்றே அதற்கு ஓய்வு. பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டப் பழைய கயிற்றைத் தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கொடுப்பதில்லை, முழ நீளத் துண்டுகளாக நறுக்கி விறகுக்கட்டு கட்ட வைத்துவிடுகிறேன்.