வங்கி கைவிரித்த பிறகு 7 வருடம்: பில் டிஸ்கவுண்டிங்கும் பிரிட்ஜ் லோனும்

நான் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். தம்பி சின்ன அளவில் வீடு கட்டி விற்கிறான். அடமானம் போதாது என்று வங்கி கைவிரித்த பிறகு, 7 வருடமாக இருவருமே வேறு வழிகளில்தான் பணம் புரட்டுகிறோம்.

எனக்கு இன்றுவரை கைகொடுப்பது பில் டிஸ்கவுண்டிங்தான். சரக்கு போய்விடும், பணம் வர 60, 90 நாள் ஆகும். காகித ரோல் வாங்க அதுவரை காத்திருக்க முடியாது. பில்லை நிதி நிறுவனத்திடம் கொடுத்தால் அதில் 80 சதவீதம் இரண்டு நாளில் என் கணக்குக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் கட்டியதும் கட்டணம் போக மிச்சத்தைத் தருவார்கள். என் சொத்தைவிட, பில்லுக்குப் பணம் கட்டப்போகிறவர் நாணயமானவரா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். சொத்து இல்லாதவனுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒப்பந்தத்தில் 'ரிகோர்ஸ்' என்று இருந்தால் கவனம். வாடிக்கையாளர் கட்டாவிட்டால் முன்பணத்தை நாம்தான் திருப்பித் தரவேண்டும். மூன்றாம் வருடம் ஒரு லோடு பெட்டியில் நீல மை வெளிறிப்போய், மொத்தமும் திரும்பி வந்தது. வாங்கிய 80 சதவீதம் அதற்குள் காகிதத்துக்கும் பசைக்கும் கூலிக்கும் போய்விட்டது. அதைக் கட்டி முடிக்க நான்கு மாதம் பிடித்தது. இப்போதெல்லாம் சரக்கு சரியாக இருக்கிறது என்று வாங்குபவர் டெலிவரி சலானில் முத்திரை வைத்த பிறகுதான் பில்லை அனுப்புகிறேன்.

சில்லறை விற்பனையும் செய்த காலத்தில், தினமும் கார்டு வசூலில் பிடித்துக்கொள்ளும் முன்பணம் ஒன்று வாங்கினேன். 100 வாங்கினால் 130 கட்டவேண்டும். 30 சதவீதம்தானே என்று நினைத்துவிட்டேன். ஆறே மாதத்தில் கட்டி முடித்தேன். மாதத் தவணையாகக் கணக்குப் போட்டாலே அது மாதம் 8 சதவீத வட்டி. சீக்கிரம் கட்டினாலும் அந்த 130 குறையவில்லை. தயவுசெய்து இதை வாங்காதீர்கள்.

இயந்திரத்துக்கு வாங்கிய கடனில் பெரிய சிக்கல் இல்லை, இயந்திரமே அடமானம். பிளாட் வட்டியா (கடைசிவரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி), குறையும் நிலுவைக்கு வட்டியா என்று மட்டும் கேளுங்கள். ஒரு வருடத் தவணையில் 12 சதவீத பிளாட் என்பது உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல்.

தம்பி கதை வேறு. நிலம் வாங்க பிரிட்ஜ் லோன் எடுத்தான், அதாவது வேறு பணம் வரும்வரை சமாளிக்க எடுக்கும் குறுகிய காலக் கடன். முதல் சில மாத வட்டியையும் கட்டணத்தையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். கையில் வந்தது குறைவு, வட்டி ஓடியதோ முழுத் தொகைக்கு. கட்டுமானப் பணமும் ஒரே தடவையில் வராது. அடித்தளம், தளம், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அவர்களின் பொறியாளர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த பங்கு. ஒருமுறை அவர் வர 12 நாள் தாமதமானது. கம்பி கட்டுகிறவர்கள் கூலி கிடைக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் அவர்களைத் திரும்பக் கூட்டிவரவே மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வட்டி நிற்கவில்லை. வீடு விற்கத் தாமதமானால் கடனை எதை வைத்து அடைப்பது என்பதற்கு அப்போது அவனிடம் பதிலும் இல்லை.

அடுத்த கட்டடத்துக்கு அவன் கடனே வாங்கப் போவதில்லை. நிலத்துக்காரர் நிலம் தருவார், கட்டிய வீடுகளில் பங்கு எடுத்துக்கொள்வார். யாருக்கு எந்த மாடி என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.