செவ்வரத்தை, அலரி, நந்தியாவட்டை, எக்சோரா: யாழ்ப்பாண வளவுக்கு எது பொருந்தும்?

பூஞ்செடி வாங்கப் போகும் பலர் பூவைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக் கிணற்றை. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, செடிக்கு ஊற்றும் தண்ணீரோடும் போய் வேரடியில் சேர்கிறது. கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் இதோடு உப்பும் கூடும். ஆண்டு முழுவதும் இலை கொட்டாமல் நின்று பூக்கும் இந்த நான்கு செடிகளையும் ஒப்பிடும்போது தண்ணீரும் மண்ணும்தான் முதல் அளவுகோல்.

சவர்த் தண்ணீர் என்றால் அலரிக்கு நிகர் வேறில்லை. மத்தியதரைக் கடல் நாடுகள் முதல் ஆசியா வரை, கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைப் படுகைகளில் இயல்பாக வளரும் செடி அது. தடித்த, ஒடுங்கிய இலை நீரை எளிதில் விடாது. உப்பு, சுண்ணாம்பு, சோளகக் காற்று மூன்றையும் தாங்கும். வேலணை, புங்குடுதீவு போன்ற இடங்களில் செவ்வரத்தையின் இலை ஓரம் கருகிச் சுருளும் தண்ணீரிலேயே அலரி கொத்துக் கொத்தாகப் பூக்கும். வேர்விட்ட பிறகு முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். நெருக்கமான வேலி வேண்டுமானால் மூன்று அடிக்கு ஒன்றாக நடலாம்.

ஆனால் அலரியில் நஞ்சில்லாத பாகம் எதுவுமில்லை. இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குழப்பும் பொருள்கள் உண்டு, இலை காய்ந்த பின்னும் அவை அழிவதில்லை. ஆபத்து அதிகம் வருவது நிற்கும் செடியால் அல்ல, வெட்டிப் போட்ட குப்பையால்தான். பச்சை இலையின் கசப்பை ஆடு ஒதுக்கிவிடும். வாடிய இலை மற்றக் குழைகளோடு கலந்து கிடந்தால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆகவே வெட்டிய கொப்புகளை அன்றே ஆழமாகப் புதையுங்கள். எரிக்கக் கூடாது, புகையும் தீங்கு செய்யும். அலரிப் பூ வைத்த பூச்சாடித் தண்ணீரைப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பிள்ளை இலையையோ பூவையோ மென்றுவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மணி போன்ற மஞ்சள் பூவும் பச்சைக் காயுமாக நிற்கும் மஞ்சள் அலரி வேறு செடி, அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்தது. அதன் விதை மிகக் கொடியது. சிறுவர் நடமாடும் வளவில் அதை வைக்கவே வேண்டாம். ஆடு வளர்க்கும் வீட்டில் எந்த அலரியும் வேண்டாம்.

கோண்டாவில், இணுவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கச் செம்மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ளவர்களுக்குச் செவ்வரத்தைதான் முதல் தெரிவு. நான்கில் பயன் அதிகம் தருவதும் அதுவே. காலையில் விரியும் பூ பெரும்பாலும் மறுநாள் இருக்காது, ஆனால் நல்ல செடி நாளும் பூக்கும். சிவப்பு ஒற்றைப் பூவின் இதழ்களை மட்டும் எடுத்து, காம்பையும் நடுத்தண்டையும் நீக்கி, கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தேசிக்காய் பிழிந்தால் நல்ல பானம். ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் கசக்க வரும் வழுவழுப்பான சாறு தலை முழுக உதவும். எண்ணெயில் காய்ச்சும்போது பூவை முதலில் நிழலில் வாட்டிக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு நாற்றம் எடுக்கும்.

செவ்வரத்தை புதுத் தளிரில்தான் பூக்கும். மாரி முடிந்து தை, மாசியில் ஒவ்வொரு கொப்பிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தளிர்த்து அரும்பு பிடிக்கும். வெட்டாமல் விட்ட செடி உச்சியில் மட்டும் பூத்து, அடி வெறும் தடியாக நிற்கும். அரும்பு விரியாமல் உதிர்ந்தால் பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கீனம்தான் காரணம்: ஒரு கிழமை காயவிட்டு மறு கிழமை வாளி வாளியாக ஊற்றுவது. கார்த்திகை வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் நட்டால் வேர் அழுகும். அங்கே ஒரு அடி மேடு போட்டு நடுங்கள்.

அதன் பெரிய எதிரி வெண்மூட்டுப்பூச்சி. 2008 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி செவ்வரத்தையையும் விடுவதில்லை. தளிர் முடங்கி, வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அந்த நுனியை வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். மீதிச் செடியைத் தண்ணீர்ப் பாய்ச்சலால் கழுவி, மாலையில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து மில்லி லீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சவர்க்காரமும் கலந்து தெளிக்கலாம். கிழமைக்கு ஒன்றாக மூன்று தரம் தெளிக்க வேண்டும். எறும்பு ஏறுவதை நிறுத்தாவிட்டால் இவ்வளவும் வீண். பூச்சியைக் காத்து வளர்ப்பது எறும்புதான்.

எக்சோரா, அதாவது வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. கொத்து பல நாள் வாடாமல் நிற்கும், கருஞ்சிவப்புப் பழத்தையும் தின்னலாம். ஆனால் அமில மண்ணை விரும்பும் செடி என்பதால் நம் நிலத்தில் பெரும்பாலும் தோற்கிறது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கும். இது தெரியாமல் யூரியா போடுபவர்கள் பலர், அதனால் பயனில்லை. இரும்புச் சல்பேற்றை மண்ணில் கொட்டினாலும் அதே பூட்டில் சிக்கும். லீற்றருக்கு ஐந்து கிராம் கரைத்து, சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டு, மாலையில் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். சீமெந்துத் தரையில் பட்டால் துருக் கறை போகாது, கவனம். புது மதிலோரம் நடுவது மிக மோசம், மதிலிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். ஆசை இருந்தால் பதினான்கு அங்குலச் சாடியில் இலைமக்கு, தும்புத்தூள், செம்மண் சம அளவில் கலந்து வைத்து, சேமித்த மழைநீர் ஊற்றுங்கள்.

பூசைக்குப் பூ மட்டும் தேவை, வளவில் மாமர நிழல் அதிகம் என்றால் நந்தியாவட்டை. பாதி நிழலிலும் நன்றாகப் பூக்கும் செடி இது. இரவில் மணக்கும் வெள்ளைப் பூ விடியும்போது பறிக்கத் தயாராக நிற்கும். தொடுப்பதற்கு அடுக்கு வகையைவிட ஒற்றை வகையே இலகு. சுண்ணாம்பை ஓரளவு தாங்கும், உப்பை அலரி அளவுக்குத் தாங்காது. ஒரே இரவில் ஒரு கொப்பு மொட்டையானால் அலரி அந்துப்பூச்சியின் புழுவைத் தேடுங்கள். விரல் தடிப்பில், இலைப் பச்சை நிறத்தில், தலைப் பக்கம் இரண்டு நீலக் கண் புள்ளிகளோடு இருக்கும். இலையோடு ஒன்றிப்போவதால் கண்ணில் படாது. கீழே கிடக்கும் பெரிய எச்சத்துக்கு நேர் மேலே பார்த்தால் அகப்படும். கையால் எடுத்தால் போதும், மருந்து வேண்டாம்.

எக்சோரா தவிர்ந்த மூன்றையும் தடியிலேயே எளிதாக உண்டாக்கலாம். புரட்டாதிக் கடைசியில், பென்சில் தடிப்பில், ஆறு முதல் எட்டு அங்குலத் துண்டுகளைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, உச்சி இரண்டு இலைகளைப் பாதியாக்கி மற்றவற்றை நீக்குங்கள். அலரியிலும் நந்தியாவட்டையிலும் பால் வடியும், கழுவி அரை மணி உலரவிட்டு நடுங்கள். கையில் பட்டால் கண்ணைத் தொடாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கடற்கரை மணல் உப்பும் சிப்பித் தூளும் கலந்தது, தடி கருகிவிடும். ஆற்று மணலோடு தும்புத்தூள் கலந்து நிழலில் வைத்தால் நான்கு முதல் ஆறு கிழமையில் வேர் விடும். கனமழையில் ஒதுக்கிடத்துக்கு மாற்றுங்கள், மார்கழி கழிந்ததும் நிலத்துக்குக் கொண்டு போகலாம்.