சத்து பயிரில் இருக்கிறது. உடம்பில் எவ்வளவு சேரும்?

ஒரு கிழங்கிலோ அரிசியிலோ இவ்வளவு வைட்டமின் இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லும் கணக்கு ஒன்று. அதில் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவது எவ்வளவு என்பது வேறு கணக்கு. சத்துக் கூட்டிய உணவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க இரண்டாவது கணக்குதான் உதவும். சென்னையில் ஒரு வீட்டுக்குக் கிடைப்பவை ரேஷன் கடையின் செறிவூட்டிய அரிசி, ஆரஞ்சுச் சதை உள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வைட்டமின் சேர்த்த பாக்கெட் எண்ணெய், பழைய துணையான முருங்கைக்கீரை. மரபணு மாற்றி பீட்டா கரோட்டின் சேர்த்த தங்க அரிசி இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் அதைத் தொடாமல் வைட்டமின் ஏ கணக்கு விளங்காது.

தாவரத்தில் நேரடியாக வைட்டமின் ஏ கிடையாது. அதன் முன்வடிவமான பீட்டா கரோட்டின்தான் உண்டு. மென்று அரைத்ததில் செல் உடைந்து கரோட்டின் வெளியே வர வேண்டும். அது கொழுப்பில் மட்டும் கரைவதால், சாப்பாட்டில் உள்ள எண்ணெயும் பித்தநீரும் சேர்ந்து நுண்துளிகளாக்கினால்தான் குடல் செல்லுக்குள் நுழையும். உள்ளே ஒரு நொதி அதை இரண்டாக வெட்டி வைட்டமின் ஏ ஆக்கும். குடல் செல்லுக்குள் நுழையும் முன் எந்தப் படி தடுமாறினாலும் மீதி கரோட்டின் மலத்தோடு போய்விடும்.

ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்க எத்தனை மைக்ரோகிராம் கரோட்டின் சாப்பிட வேண்டும் என்று ஆட்களை வைத்தே அளந்திருக்கிறார்கள். எண்ணெயில் கரைத்த கரோட்டின் என்றால் 2. தங்க அரிசியில் 3.8. ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளியில் சுமார் 13, கேரட்டில் 15, பசலைக்கீரை வகையில் 21. கீரை பின்தங்கக் காரணம், அதன் கரோட்டின் பச்சையத்தோடு சேர்ந்து புரதங்களுக்குள் இறுகிக் கிடப்பதுதான். கேரட்டில் அது படிகமாக உறைந்திருக்கிறது. அரிசியின் மாவுப் பகுதி எளிதில் செரித்துவிடுவதால் பூட்டு இல்லாத பெட்டி மாதிரி. இங்கோ போட்ரிகஸ், பீட்டர் பையர் என்ற இரு விஞ்ஞானிகள் 2000-இல் உலகுக்குக் காட்டிய தங்க அரிசியின் உண்மையான பலம் இதுதான். பிலிப்பைன்ஸ் 2021-இல் அதைப் பயிரிட அனுமதித்தது. 2024-இல் அங்குள்ள நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. நம் அடுப்புக்கு அது வர நாளாகும்.

கையில் கிடைப்பதில் வைட்டமின் ஏ-க்கு என் ஓட்டு சர்க்கரைவள்ளிக்குத்தான். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘பூ சோனா’ ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. வழக்கமான ரகங்களில் 2 முதல் 3 மில்லிகிராம்தான். வேகும்போது ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 11 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும். 13-ஆல் வகுத்தால் சுமார் 860 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 840. கையளவுக் கிழங்கு ஒன்றே போதும்.

ஆனால் நம் ஊரில் அதைச் சாப்பிடும் முறையில்தான் கோளாறு. வேகவைத்து, தோலை உரித்து, வெல்லம் தொட்டு மாலையில் தின்கிறோம். எண்ணெய்ப் பசையே இல்லாததால் கரோட்டினில் பெரும்பங்கு குடலில் சேராமலே போய்விடும். ஒரு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதாவது 4 அல்லது 5 கிராம் கொழுப்பு போதும். தோலோடு முழுசாக ஆவியில் வேகவைத்து, பிறகு துண்டு போட்டு, கடுகு தாளித்துத் தேங்காய்த் துருவலோடு பிரட்டினால் வேலை முடிந்தது. நறுக்கிவிட்டு வேகவைத்தால் இழப்பு கூடும். வெயிலில் வற்றலாகக் காயப்போட்டால் இன்னும் மோசம். வெளிச்சமும் காற்றும் கரோட்டினைத் தின்றுவிடும்.

முருங்கைக்கீரையை இதனால் ஒதுக்கிவிட வேண்டாம். மத்தால் கடைந்த கீரையில் செல்சுவர் உடைகிறது, மேலே தாளிப்பில் எண்ணெயும் வருகிறது. வெறுமனே வதக்கியதைவிடக் கடைந்தது குடலுக்கு எளிது. கிழங்கை ஜெயிக்காது, ஆனால் வருஷம் முழுக்கக் கிடைக்கும்.

பாக்கெட் எண்ணெயில் இந்த மாற்று விகிதச் சிக்கலே இல்லை. கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் வரை, உடம்பு அப்படியே எடுத்துக்கொள்ளும் வைட்டமின் ஏ சேர்க்கிறார்கள். தினம் 20 கிராம் எண்ணெய் என்றால் 120 மைக்ரோகிராமாவது வரும். ஜன்னலோரம் கண்ணாடி பாட்டிலில் வைத்தாலும், ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்ப வடை சுட்டாலும் அது அழிந்துவிடும். செக்கு எண்ணெய்க்கு மாறிய வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் பெரும்பாலும் வைட்டமின் சேர்ப்பதில்லை.

இனி ரேஷன் அரிசி. அதைச் செறிவூட்டுவதை மத்திய அரசு 2026-இல் தற்காலிகமாக நிறுத்தியது. செறிவூட்டிய அரிசி கையில் இருந்தால் இந்தக் கணக்கு. ‘செறிவூட்டியது’ என்றாலே எல்லாச் சத்தும் இருக்கும் என்று நினைப்பது தவறு. கிலோவுக்கு இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் சேர்க்கிறார்கள். வைட்டமின் ஏ கட்டாயம் இல்லை. அரிசி மாவில் இந்தச் சத்துக்கலவையைப் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி அரிசி வடிவில் மணிகளாக்கி, நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். 20 கிலோ அரிசியில் அந்த மணி 200 கிராம்தான்.

களையும்போது பாத்திரத்தை உற்றுப் பாருங்கள். சில மணிகள் கொஞ்சம் வெளுத்து, அடர்த்தி குறைந்ததால் மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. எறிவது அத்தனையும் வைட்டமின். தண்ணீரை வேகமாகச் சாய்த்தாலும் அவைதான் முதலில் போகும். கையை விரித்து வைத்து மெதுவாக வடியுங்கள்.

ஃபோலிக் அமிலம் தண்ணீரில் கரையும். நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடித்தால் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். அளந்த தண்ணீரில் குக்கரில் வைப்பது நல்லது. வடித்தே பழக்கம் என்றால் கஞ்சியைக் குடித்துவிடலாம். இட்லிக்கு ஊறப்போட்டால் முதலில் களைந்துவிட்டு, ஊறிய தண்ணீரையே ஆட்டும்போது ஊற்றிக்கொள்ளலாம்.

இந்தச் செயற்கை ஃபோலிக் அமிலம் உணவோடு போகும்போது சுமார் 85 சதவீதம் உறிஞ்சப்படும். இயற்கை உணவிலுள்ள ஃபோலேட் சுமார் பாதிதான். நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்தால் 22 முதல் 37 மைக்ரோகிராம் கிடைக்கும், இயற்கை ஃபோலேட் கணக்கில் 38 முதல் 64-க்குச் சமம். துணைக்கு நல்லது. கர்ப்பிணிகள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் கூடுதல் இரும்பு பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டே இதைத் தொடர வேண்டும்.

பி12 கதை வேறு. இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணித்து அங்கேதான் அது உள்ளே போகும். அரிசியில் சேர்த்த பி12 எந்தப் புரதத்தோடும் ஒட்டாமல் தனியாக இருப்பதால், வயதானவர்களின் வலுவிழந்த இரைப்பைக்கும் அது சுலபம். அளவுதான் போதாது: 300 கிராமில் அதிகபட்சம் 0.37 மைக்ரோகிராம். 200 மில்லி பாலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. சைவ உணவுக்காரர்கள், அதிலும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அரிசியை நம்பாமல் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கிழங்கு வாங்கும்போது தோலின் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கோயம்பேட்டில் குவிந்திருக்கும் சிவப்புத் தோல் கிழங்குகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே வெள்ளைச் சதைதான். ஊதாச் சதை பார்க்க அழகு, அந்த நிறம் கரோட்டினால் வருவதில்லை. நுனியை நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். கேரட் போல ஆரஞ்சாக இருந்தால் மட்டும் பையில் போடுங்கள்.